அணையாத விளக்கு: தோமையார் கல்லறையைக் காத்த கீழ்த்திசைத் துறவியர்

யூபிலி என்றாலே வயதைக் கணக்கிடும் காலம். நம் பங்கு எப்போது உருவாயிற்று, முதல் திருப்பலி எந்த மரத்தடியில் நடந்தது, முதல் மணி எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களைத் துருவித் துருவிக் கேட்கிறோம். அவர்களும் சலிக்காமல் சொல்கிறார்கள். சொல்லி முடித்து, "அதற்கு முன்னே எல்லாம் பரங்கிமலைதான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை நூற்றாண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் போய், தாம்பரம் வழியாக நாம் பரங்கிமலைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். படியேறி, பீடத்துக்கு மேலே பதித்திருக்கும் கற்சிலுவையைக் கும்பிட்டு, பிள்ளைகளுக்கு விமானம் இறங்குவதைக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். 2002-ல் செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து அந்த மலை நம் சொந்த மறைமாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் "இதைக் கட்டியது யார்?" என்று யாரைக் கேட்டாலும், "போர்த்துக்கீசியர்" என்ற விடைதான் வரும். மலைமேல் இன்று நிற்கும் ஆலயத்தைப் பொறுத்தவரை அது சரி. அந்தச் சிலுவையைப் பொறுத்தவரை அது சரியல்ல. போர்த்துக்கீசியர் வந்து கடப்பாரை போட்டபோது அந்தச் சிலுவை மண்ணுக்குள் கிடந்தது. அதைச் செதுக்கியவர்களும், மயிலாப்பூரில் அப்போஸ்தலர் கல்லறையருகே மடம் அமைத்து விளக்கேற்றியவர்களும் வேறு மக்கள். அவர்கள் உரோமையிலிருந்து வந்தவர்கள் அல்லர். இலத்தீன் அறிந்தவர்களும் அல்லர். பாரசீகத்திலிருந்தும் மெசப்பொத்தாமியாவிலிருந்தும் கடல் கடந்து வந்து, நம் ஆண்டவர் பேசிய அரமாய்க் மொழியின் கிளையான சிரியாக் மொழியில் செபித்தவர்கள்.

பிரான்சு நாட்டில் தூர் என்னும் நகரின் ஆயராக இருந்த புனித கிரகோரியார் ஏறத்தாழ 590-ம் ஆண்டு வாக்கில் வேதசாட்சிகளின் மகிமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தோமையாரைப் பற்றிச் சொல்லுமிடத்தில், இந்தியாவில் அப்போஸ்தலரின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஒரு துறவு மடமும், பெரிய அழகான ஒரு கோயிலும் இருப்பதாகக் குறித்திருக்கிறார். இதை அவருக்குச் சொன்னவர் தெயோதோர் என்பவர். அவர் நேரிலே அங்கு போய் வந்தவர். கல்லறை இருந்த இடத்தின் முன்னே ஒரு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டேயிருக்கிறதாம். அதற்கு எவரும் எண்ணெய் ஊற்றுவதில்லை, திரி மாற்றுவதில்லை, காற்றடித்தாலும் அது அணைவதில்லை, தவறி விழுவதுமில்லை. அப்போஸ்தலரின் வல்லமையாலேயே அது எரிகிறது என்று தெயோதோர் நம்பினார்.

கிரகோரியார் ஊர்ப் பெயர் சொல்லவில்லை. திருச்சூரில் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதியாக இருந்த ஆயர் மெட்லிகாட் 1905-ல் வெளியிட்ட நூலில், இது மயிலாப்பூரேயன்றி வேறில்லை என்று விரிவாக வாதாடியிருக்கிறார். இந்தியாவில் தோமையார் கல்லறை என்று எந்தக் காலத்திலும் சொல்லப்பட்டு வந்த இடம் மயிலாப்பூர் ஒன்றே என்பதால் அவர் வாதம் நமக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. அப்படியானால் காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட அந்த நாட்களிலேயே நம் தொண்டைநாட்டுக் கடற்கரையில் ஒரு கிறிஸ்தவ மடம் இருந்தது என்றாகிறது.

அதே நூலில் இன்னொரு கதையும் வருகிறது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நமக்கு அது உடனே பிடித்துப் போகும். திருநாள் வந்ததும் திரளான மக்கள் கூடுவார்களாம், முப்பது நாள் சந்தை நடக்குமாம், சுங்கவரி கிடையாதாம். மற்ற நாளில் நூறடிக்கு மேல் கயிறு விட்டு நீர் இறைக்கும் ஊரில், அந்த நாட்களில் மட்டும் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் பொங்கி வருமாம். அத்தனை பெரிய சந்தையில் ஓர் ஈ கூட மொய்க்காதாம். திருநாள் முடிந்ததும் ஒரு மழை பெய்து கோயில் முற்றத்தைக் கழுவிவிடுமாம். சிலர் இதையும் மயிலாப்பூருக்கே சொந்தமாக்கி எழுதிவிட்டார்கள். ஆனால் கிரகோரியாரின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால், இது அப்போஸ்தலரின் எலும்புகள் கொண்டுபோய் வைக்கப்பட்ட எதேசா நகரத்துக் கதை என்று தெரியும். இன்று அது துருக்கி நாட்டிலே உர்ஃபா என்ற பெயரோடு இருக்கிறது. நமக்கு இல்லாததை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்கு நம்முடையது, கிணறு அவர்களுடையது.

சரி, இந்தத் துறவிகள் யார்? இன்று "ஓர்த்தோடாக்ஸ்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் கீழ்த்திசைச் சபைகளுள் பல குடும்பங்கள் உண்டு. கிரேக்கர், ருஷியர் ஒரு குடும்பம். கோப்தியர், ஆர்மீனியர், சிரியர், நம் அண்டை மலையாள நாட்டின் மலங்கரை ஓர்த்தோடாக்ஸ் மக்கள் இன்னொரு குடும்பம். பாரசீகப் பேரரசுக்குள் வளர்ந்த "கிழக்குத் திருச்சபை" இவ்விரண்டிலும் சேராமல் தனியாக நின்றது. மயிலாப்பூர் மடத்தார் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். மேல்நாட்டார் இவர்களை "நெஸ்தோரியர்" என்று அழைத்தார்கள். அதைப் பதிதர் என்ற பொருளிலேயே அழைத்தார்கள். 431-ல் எபேசுப் பொதுச்சங்கம் கண்டித்த ஆயர் நெஸ்தோரியுவின் பெயர் அது. பழைய ஞானோபதேச நூல்களைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டாலே ஒரு கசப்பு வரும். ஆனால் 1994 நவம்பர் 11-ம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரும், அந்தச் சபையின் தலைவரான மறைமுதல்வர் நான்காம் மார் தின்காவும் உரோமையில் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டார்கள். கிறிஸ்துவைப் பற்றி இரு சபைகளும் விசுவசிப்பது ஒன்றே என்று அதில் அறிவித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சண்டை. அதில் பெரும்பங்கு சொற்களைப் பற்றிய சண்டை என்று இரு தரப்பும் கண்டுகொண்டன.

இவர்களுடைய துறவு வாழ்வின் தாய்வீடு, இன்றைய துருக்கிக்கும் சிரியாவுக்கும் எல்லையாக நிற்கும் இஸ்லா மலை. அங்கே 571-ல் ஆபிரகாம் என்ற பெரிய துறவி ஒழுங்கு விதிகள் வகுத்தார். மௌனம், உபவாசம், செபம், மறைநூல் வாசிப்பு ஆகியவையே அவற்றின் சாரம். அந்த மலையிலே மார் அவ்கின் என்னும் துறவியின் மடம் மிகப் பழமையானது. அவரைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையை நம் முத்துக்குளித்துறை மக்கள் கேட்டால் மகிழ்ந்து போவார்கள். எகிப்து நாட்டுச் செங்கடற்கரையில் அவர் முத்துக் குளிப்பவராக இருந்தாராம். மூழ்கி எடுத்த முத்துக்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தாராம். நீரின்மேல் நடந்து வந்த நட்சத்திரம் ஒன்று அவருக்கு வழிகாட்டிற்றாம். பின்னர் எழுபது சீடரோடு மெசப்பொத்தாமியாவுக்கு வந்து மடம் கட்டினாராம். கதையை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. ஆனால் அந்த மடத்தின் பெயர் நம் மயிலாப்பூர் வரலாற்றிலே பின்னால் ஒருமுறை வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அவர்கள் எப்படி வந்தார்கள் என்றால், வணிகக் கப்பலில்தான். 550 வாக்கில் கொஸ்மாஸ் என்ற கடலோடி, இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில் இருந்ததாகவும், குருவானவர் பாரசீகத்தில் அபிஷேகம் பெற்று அனுப்பப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார். 1912-ல் அனுராதபுரத்தில் நிலத்தைத் தோண்டியபோது ஒரு கல்லில் செதுக்கிய சிலுவை கிடைத்தது. நம் பரங்கிமலைச் சிலுவைக்கு அது தம்பி போல இருக்கிறது. 780 முதல் 823 வரை கிழக்குத் திருச்சபையை ஆண்ட முதலாம் திமொத்தேயு, தம் துறவிகள் ஒரு கோலும் ஒரு பையும் மட்டும் எடுத்துக்கொண்டு கடல் கடந்து இந்தியருக்கும் சீனருக்கும் போவதாகப் பெருமையோடு எழுதினார்.

தொண்டைநாட்டுக்குத் துறவிகள் புதியவர்கள் அல்லர். 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூறு பௌத்த மடங்களைக் கண்டதாகக் குறிக்கிறார். சமணரும் இருந்தனர், சைவ, வைணவ அடியாரும் இருந்தனர். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் 919-லும் 921-லும் குடவோலை விதிகளைச் செதுக்கிய அந்தத் தலைமுறையார், மயிலாப்பூர்க் கடற்கரையில் சிரியாக் செபம் ஒலித்ததைக் கேள்விப்பட்டிருந்தால் அதை ஒரு விந்தையாக நினைத்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. நம் ஊர்ப் பெயரையே திரையன் ஏரி என்று விரித்து, தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய ஏரி என்று சொல்லும் மரபில் வந்தவர்கள் நாம். பழமையைக் கதையாகச் சுமந்து வருவது நமக்குத் தெரிந்த வித்தைதான்.

மடத்தின் புகழ் எங்கெல்லாம் எட்டியது என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தின் ஆல்பிரட் அரசர், சிகெல்ம், ஆதெல்ஸ்தான் என்ற இருவர் கையில், உரோமைக்கும் இந்தியாவிலுள்ள புனித தோமையாருக்கும் பர்த்தலொமேயாருக்கும் காணிக்கை அனுப்பியதாக அந்நாட்டுப் பழைய ஆண்டுக்குறிப்பு 883-ம் ஆண்டின் கீழ்ச் சொல்கிறது. சில பிரதிகளில் இந்தியா என்ற இடத்தில் யூதேயா என்றிருப்பதால் அறிஞர் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்கு நடக்கட்டும்.

நம் மண்ணின் வாசனையோடு மடத்தைக் காட்டுபவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. 1292-93 வாக்கில் அவர் தமிழகக் கடற்கரை வழியாகச் சென்றார். தோமையார் உடல் கிடக்கும் ஊர் சிறிய ஊர் என்றும், வணிகர் அதிகம் வராத இடமென்றும், ஆனாலும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே திரளாகத் திருயாத்திரை போகிறார்கள் என்றும் சொல்கிறார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்தவர்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தேங்காயே அவர்கள் பிழைப்பு. யாத்திரிகர் அங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய், முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குணமாகும் என்பது நம்பிக்கை. கல்லறை மண்ணைத் தொட்டு அரசன் மகன் குணமடைந்ததாகப் பழைய தோமையார் சரித்திரமும் சொல்வதால், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரே நம்பிக்கை கைமாறி வந்திருப்பது தெரிகிறது. நம் தாய்மார்கள் இன்றும் திருத்தலத்து மண்ணை முந்தானையில் முடிந்து வருகிறார்களே, அதை யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போலோ எழுதிய நெல் கதையையும் சொல்லியாக வேண்டும். 1288-ல் அந்தப் பக்கத்துப் பிரபு ஒருவனுக்கு ஏராளமாக அரிசி விளைந்ததாம். களஞ்சியம் போதவில்லை. கோயிலைச் சுற்றி யாத்திரிகர் தங்குவதற்கென்று இருந்த வீடுகளையெல்லாம் பிடித்துத் தன் தானியத்தைக் கொட்டி நிரப்பிவிட்டான். காவலிருந்தவர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. அன்றிரவு தோமையார் கையில் ஒரு கவைக்கோலோடு தோன்றி, அதை அவன் தொண்டையில் வைத்து, "என் வீடுகளை உடனே காலி செய், இல்லாவிட்டால் உனக்குத் துர்மரணம்" என்ற கருத்தில் அதட்டினாராம். விடிந்ததும் அவன் அலறிக்கொண்டு வந்து மூட்டைகளை அகற்றினானாம். அறுவடைக் காலத்தில் கோயில் மண்டபத்தில் இடம் பிடிக்கப் பார்க்கும் வழக்கம் அன்றும் இருந்திருக்கிறது!

தோமையார் மரணத்தைப் பற்றியும் அவர் ஒரு கதை கேட்டு எழுதினார். அப்போஸ்தலர் காட்டிலே தம் குடிலுக்கு வெளியே செபித்துக்கொண்டிருந்தாராம். சுற்றிலும் மயில்கள் கூட்டமாக மேய்ந்தன. மயிலைக் குறிவைத்து வேடன் ஒருவன் எய்த அம்பு அவர் வலது விலாவில் தைத்துவிட்டதாம். மயிலாப்பூர் என்ற பெயரே இந்தக் கதைக்கு விதை என்பது சொல்லாமலே விளங்கும். பரங்கிமலையில் நாம் கேட்டு வளர்ந்ததோ ஈட்டியால் குத்தப்பட்ட கதை. மிகப் பழைய சரித்திரத்தில் அரசன் கட்டளையால் நான்கு போர்வீரர் மலைமேல் கொண்டுபோய் ஈட்டியால் குத்தினார்கள் என்றிருக்கிறது. அம்பா, ஈட்டியா என்பதில் வேறுபட்டாலும், செபத்திலிருந்தபோது விலாவில் காயம்பட்டு மரித்தார் என்பதே மக்கள் மனதில் நின்றது. ஆண்டவர் விலாவில் கையிட்டுப் பார்க்கக் கேட்ட சீடருக்கு அது பொருத்தமான முடிவென்று கருதினார்கள் போலும்.

பெரிய மரத்தின் கதை இன்னொன்று. கடலில் ஒரு மாபெரும் மரம் மிதந்து வந்து கரை ஒதுங்கியதாம். அரசன் ஆட்களையும் யானைகளையும் கட்டி இழுத்தும் அசையவில்லை. தோமையார் தம் இடுப்புக் கச்சையைக் கழற்றி அதில் கட்டி இழுத்தார். மரம் பின்னாலேயே வந்தது. அதை அறுத்தே கோயில் கட்டினார் என்பது மரபு. 1349 வாக்கில் இங்கு வந்த மரிஞ்ஞோலி என்ற பிரான்சிஸ்கன் துறவியும் மரத்தின் கதையைக் கேட்டு எழுதியிருக்கிறார். பின்னால் போர்த்துக்கீசியரும் எழுதினார்கள்.

கத்தோலிக்கராகிய நாம் அதிகம் நினைவுகூர வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 1291-ல் பிரான்சிஸ்கன் குருவான ஜான் தெ மொந்தேகொர்வீனோ சீனாவுக்குப் போகும் வழியில் இந்தியாவில் 13 மாதங்கள் தங்கினார். தோமையார் கோயிலுக்கும் வந்தார். பல இடங்களில் சுமார் 100 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடைய துணைவரான தோமினிக்கன் குரு, பிஸ்தோயா நகரத்து நிக்கொலா, இங்கேயே இறந்தார். அவரை அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். கவனியுங்கள்: இலத்தீன் புத்தகங்களில் பதிதர் என்று பெயர் வாங்கியவர்கள், தம் கோயிலுக்குள் ஓர் இலத்தீன் குருவுக்குக் கல்லறை இடம் கொடுத்தார்கள். மொந்தேகொர்வீனோ பின்னால் பீக்கிங் நகரின் முதல் அதிமேற்றிராணியார் ஆனார். அங்கே கிழக்குத் திருச்சபையாரோடு அவருக்கு ஓயாத வழக்கு. மயிலாப்பூரிலோ ஒரு குழி, ஒரு செபம். வழக்கு எதுவும் அவர் கடிதத்தில் இல்லை.

அதற்குப் பின் மடம் சிறுத்துக்கொண்டே வந்தது. 1320-களில் வந்த ஒதொரிக்கு என்ற துறவி, கோயிலையடுத்துச் சுமார் பதினைந்து நெஸ்தோரியர் வீடுகளே இருந்தன என்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து இத்தாலியரான கொந்தி, நகரில் ஆயிரம் பேர் இருந்ததாக எழுதுகிறார். பிறகு நெடுநேரம் மௌனம். 1503-ல் கிழக்குத் திருச்சபைத் தலைவர் ஆயர்களை இந்தியாவுக்கு அனுப்பினார். அவர்கள் நாம் முன்னே சொன்ன முத்துக்குளிப்பவரின் மடத்துத் துறவிகள். 1504-ல் மலையாள நாட்டிலிருந்து அவர்கள் எழுதிய கடிதத்தில், கடற்கரையிலுள்ள மயிலாப்பூரில் தோமையார் வீட்டுக்குள் கிறிஸ்தவர் சிலர் குடிபுகுந்து பழுது பார்க்கிறார்கள் என்றும், அது தாங்கள் இருக்கும் இடத்திலிருந்து 25 நாள் பயணம் என்றும் குறித்தார்கள். வெறிச்சோடிப்போன மடத்துக்கு மறுபடி உயிர் வருகிறது என்ற மகிழ்ச்சி அந்த வரிகளில் தெரிகிறது.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1518 வாக்கில் முடிந்த தம் நூலில் போர்த்துக்கீசியரான பர்போசா, கோயில் பாழடைந்து கிடப்பதாகவும், ஒரு முஸ்லிம் பக்கிரி அதில் காவலிருந்து, பிச்சையெடுத்து, அந்தக் காசில் விளக்கெரித்து வருவதாகவும் எழுதுகிறார். தெயோதோர் கண்ட விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஆள் தேவைப்படவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து அதற்கு எண்ணெய் தேவைப்பட்டது. ஊற்றியவர் ஒரு முஸ்லிம் துறவி. இவ்விரண்டில் எது பெரிய அற்புதம் என்று எங்களைக் கேட்டால், பக்கிரியின் பக்கமே எங்கள் மனம் சாய்கிறது.

போர்த்துக்கீசியருக்கு அந்த இடத்தைக் காட்டியவர்களும் கீழ்த்திசையாரே. 1517-ல் மலாக்காவிலிருந்து பழவேற்காட்டில் வந்திறங்கிய தியோகு பெர்னாந்தஸ் முதலியோரை, கோஜா இஸ்கந்தர் என்ற ஆர்மீனிய வணிகர் அழைத்துக்கொண்டு போய் மயிலாப்பூர்க் கோயிலைக் காட்டினார். ஆர்மீனியர் தமக்கென்று தனிச் சபை உடைய ஓர்த்தோடாக்ஸ் மக்கள். வணிகத்துக்காகக் கிழக்கு நாடெங்கும் திரிந்தவர்கள். வழக்கமாக இங்கே திருயாத்திரை வருபவர்கள். ஆறாண்டு கழித்து, 1523-ல், கல்லறையைத் தோண்டினார்கள். செங்கல் கட்டிய குழியின் அடியில் எலும்புகளும், ஓர் ஈட்டி முனையும், மண் நிரம்பிய ஒரு கலசமும் கிடைத்தன என்று தோண்டியவர்கள் பின்னாளில் சாட்சியம் சொன்னார்கள். எலும்புகள் எதேசாவுக்குப் போனதாகச் சிரியக் கவி புனித எப்ரேம் 4-ம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார். அங்கிருந்து கியோஸ் தீவு வழியாக 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கு அவை போய்ச் சேர்ந்தன. எஞ்சியதே இங்கே கிடைத்தது என்பது நம் பக்கத்து விளக்கம்.

1545-ல் புனித சவேரியார் மயிலாப்பூரில் நான்கு மாதங்கள் தங்கி, அப்போஸ்தலர் கல்லறையில் இரவெல்லாம் செபித்தார். இரண்டாண்டு கழித்து, 1547-ல், பரங்கிமலை உச்சியில் பழைய கட்டட இடிபாட்டைத் தோண்டி ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது அந்தச் சிலுவை அகப்பட்டது. கருங்கல்லில் புடைத்து நிற்கும் சிலுவை. நுனிகள் மொட்டு விரிந்தது போல. மேலே ஒரு புறா கீழ்நோக்கி இறங்குகிறது. அடியிலே இலைச் சுருள்கள். சுற்றிலும் வளைவாக ஒரு வரி எழுத்து. பாடுபட்ட சுரூபம் அதிலே இல்லை. கிழக்குத் திருச்சபையார் சிலுவையை வெறுமையாகவே செதுக்குவார்கள், உயிர்த்தெழுந்தவரின் அடையாளமாக.

எழுத்தை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்தார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல் என்று சொல்லி, தோமையாரின் முழுச் சரித்திரத்தையும், அரசரை மனந்திருப்பியதையும், வேதசாட்சி மரணத்தையும் அதிலிருந்து படித்துக் காட்டினார். கேட்டவர்கள் மகிழ்ந்து அதை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பாவம், பண்டிதர் என்ன செய்வார்! கேட்க விரும்பியதையே சொன்னார். 1873-ல்தான் பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர், அது பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். 1929-ல் வின்க்வொர்த் என்பவரின் வாசிப்பு வந்தது. அதன்பின் வேறு வாசிப்புகளும் வந்தன. பெயர்களில் வேற்றுமை இருந்தாலும் சாரம் ஒன்றே: சிலுவையைச் செய்தவரோ செய்வித்தவரோ ஆன ஒரு பாரசீகக் கிறிஸ்தவர், தம் தகப்பன் பெயரையும் சொல்லி, மெசியாவாகிய ஆண்டவரிடம் இரக்கம் கேட்கிறார். அவ்வளவுதான். சரித்திரமும் இல்லை, அரசனும் இல்லை. ஒரு சாதாரண விசுவாசியின் சின்ன மன்றாட்டு. எழுத்தின் காலம் 7 அல்லது 8-ம் நூற்றாண்டு என்பது பலர் கருத்து. கோட்டயம் பெரிய பள்ளியிலும், கடமட்டம், முட்டுச்சிறை, ஆலங்காடு ஆகிய ஊர்களிலும் இதே வடிவச் சிலுவைகள் இருக்கின்றன. கடமட்டமும் கோட்டயம் பெரிய பள்ளியும் இன்றும் சிரிய மரபுச் சபையார் வசம் உள்ளவை.

1558 டிசம்பர் 18-ம் நாள் திருப்பலியின்போது இந்தச் சிலுவை நிறம் மாறி, வியர்த்து, சிவந்த துளிகள் சிந்தியதாகப் பதிவாகியிருக்கிறது. பின்னும் பலமுறை அது நிகழ்ந்து, 1704-க்குப் பின் நின்றுவிட்டது. அந்த நாள் மலைக்கோயிலின் திருநாள். எதிர்பார்ப்பின் மாதா என்று அன்னையைக் கொண்டாடும் நாள். புனித லூக்காஸ் வரைந்த ஏழு படங்களில் ஒன்றைத் தோமையார் கொண்டுவந்தார் என்று மரபு சொல்லும் மாதா படமும் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு கண்டெடுத்த போர்த்துக்கீசியர், அதை வைத்திருந்த மக்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுவதே நியாயம். 1599-ல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் கோவா அதிமேற்றிராணியார் மெனேசிஸ், மலையாள நாட்டுச் சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் கட்டளையிட்டார். மயிலாப்பூர் மடத்தைப் பற்றி என்ன எழுதி வைத்திருந்தார்களோ, அவற்றில் எத்தனை ஏடு அந்த நெருப்புக்குப் போயிற்றோ! 1653-ல் மட்டாஞ்சேரியில் மக்கள் கூனன் குருசைப் பிடித்து, இனி இயேசு சபைக் குருக்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்ததும் அந்தக் கசப்பின் விளைவே. அன்று பிரிந்த மலையாளச் சபைகள் இன்றும் பிரிந்தே இருக்கின்றன. அவர்கள் தோமையாரை நினைப்பதை விடவில்லை. குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில், கருங்கல்லால் ஆன சின்னஞ்சிறு அரைப்பள்ளியை மலங்கரை ஓர்த்தோடாக்ஸ் மக்கள் அப்போஸ்தலரே நிறுவியதென்று போற்றிப் பாதுகாக்கிறார்கள்.

சென்னையில் கீழ்த்திசையார் கை முற்றிலும் ஓயவில்லை. அந்நாட்களில் மழைக்காலத்தில் அடையாற்றைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் 1726-ல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மலையேற நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகளும் அவர் போட்டவையே. இரண்டுக்கும் தருமச் சொத்தும் எழுதி வைத்தார். 1751-ல் இறந்தார். அவருடைய இருதயம் மட்டும் அவரது பூர்வீக ஊரான பாரசீகத்து ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது என்பார்கள். சென்னை ஆர்மீனியத் தெருவில் 1772-ல் எழுந்த அவர்கள் கோயிலும் ஆறு மணிகளும் இருக்கின்றன. கும்பிட வரும் ஆர்மீனியக் குடும்பங்கள்தாம் இல்லை.

உஸ்கானின் பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பஸ்சில் போகும்போது நாம் அதன்மேல்தான் போகிறோம். பழைய பாலத்தின் கல்வெட்டு பாலத்தின் ஓரத்தில் புழுதி படிந்து நிற்கிறது. நெரிசலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டிசம்பர் 18-ம் நாள் திருநாளுக்கு மலையேறுகிறவர்கள், படியில் மூச்சு வாங்க உட்காரும் இடத்தில் உஸ்கானுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். மேலே போனதும் பீடத்தண்டையில் சற்று நின்று, சிலுவையின் விளிம்பை ஒட்டி வளைந்து போகும் அந்த எழுத்து வரியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.